மில்லிக்கனில் ஒரேயொரு ரிவி லைசன்ஸ்

நான் கட்டியவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். பிறகு சொன்னால் ஒருவரும் இருந்து கேட்கமாட்டார்கள்.

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் போவதை விட்டவன் நான். அந்தப் படிப்போடு ரொறன்ரோவுக்கு வந்து, விரல் மடங்காத குளிரில் ட்ரைவோல் என்கிற சுவர்ப்பலகை அடிக்கப் பழகி, மில்லிக்கனில் இப்போது இருக்கிற இந்த வீட்டின் நிலத்தடி பேஸ்மென்ற்றைத் தனி ஆளாகக் கட்டினேன். இரண்டு அறை, ஒரு குசினி, ஒரு குளியலறை, தனி வாசல். நகரசபையிலிருந்து வந்த இன்ஸ்பெக்டர் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, யார் செய்தது என்று கேட்டான். "மீ" என்றேன். அவனோடு நான் பேசிய ஆங்கிலம் அவ்வளவுதான், அதற்குமேல் தேவைப்படவும் இல்லை. யூனியன்வில்லில் மூன்று வீட்டுப் பின்பக்க மர டெக்குகள் என் கையால் ஆனவை. ஸ்ரௌவ்வில்லில் புதுவீடு வாங்குகிற நம்மவர்கள் பலர், பில்டர் கட்டிக் கொடுத்ததை என்னைக் கூப்பிட்டு மறுபடி கட்டுவிப்பார்கள். எங்கள் வேதக் கோயில் மண்டபத்து மேடையும் நான் அடித்ததுதான். நத்தார் ஒளிவிழாவுக்கு அறுபது பிள்ளைகள் ஏறி நின்று குதித்தும் ஒரு ஆணி அசையவில்லை.

வீட்டு வரவேற்பறைச் சுவரை உடைத்து, எண்பத்தைந்து அங்குல ரிவி உள்ளே போய் உட்காரும்படி மாடம் கட்டினேன். அதற்கு மேலே திரு இருதயப் படம். பழைய ரிவியின் தலையில் மாதா சுரூபம் இருந்தது. இந்தக் காலத்து ரிவிக்குத் தலை என்று ஒன்று இல்லாதபடியால் மாதாவுக்குத் தனியாக ஒரு தட்டும் அடித்துக் கொடுத்தேன்.

இவை எல்லாவற்றையும் விடப் பெரிய வேலை ஒன்று இருக்கிறது. என் கடைசி மகளின் கலியாணத்தை நான்தான் ஒப்பேற்றினேன். அதைத்தான் என் வீட்டில் ஒருவரும் ஒப்புக்கொள்வதில்லை.

மகள் மருந்துக்கடையில் மருந்தாளர். லண்டன் பையன் ஒருவனோடு இரண்டு வருடமாகக் கணினியில் பேசிப் பழகியிருந்தாள். பையன் ஒருமுறை நேரிலும் வந்து போனான். நல்ல பிள்ளை, நம்முடைய வேதம், நல்ல உத்தியோகம். ஒரே ஒரு விசித்திரம், அவன் சிரித்தால் சத்தம் வராது. தோள் மட்டும் குலுங்கும். உள்ளுக்குள் ஏதும் வருத்தமோ, நோயோ என்று என் மனைவி பயந்து, மகளிடம் இரகசியமாக விசாரித்தாள். வருத்தம் ஒன்றும் இல்லையாம், பழக்கமாம்.

பையனுக்குத் தாய் இல்லை. தகப்பன் தனியே வளர்த்த பிள்ளை. தகப்பன் ஓம் என்றால்தான் தானும் ஓம் என்று மகளிடம் ஒளிவு மறைவில்லாமல் சொல்லியிருந்தான். அந்தத் தகப்பன் இரண்டு கிழமை லீவில் ஸ்ரௌவ்வில்லில் இருக்கிற தங்கை வீட்டுக்கு வந்தார். வந்தது தங்கையைப் பார்க்க என்று பெயர். உண்மையில் எங்களைப் பார்க்க.

"அப்பா, ப்ளீஸ். நீங்கள் கனக்கக் கதைக்காதேங்கோ" என்று மகள் கேட்டுக்கொண்டாள்.

நான் கதைக்கவில்லை. அவர்தான் தொடக்கினார். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் என்னுடைய வான் வண்டியில் அவரை ஏற்றிக்கொண்டு வந்தேன். லண்டனில் ரயில் நிலத்துக்குக் கீழே ஓடும் என்றார். இங்கேயும் ஓடும் என்றேன். அங்கே ஆஸ்பத்திரியில் காசு வாங்குவதில்லை என்றார். இங்கேயும் இல்லை என்றேன். அங்கே நாள்முழுக்க மழை என்றார். இங்கே பனி, அது மழையை விட ஒரு படி மேல் என்றேன். வீட்டு ட்ரைவேயில் வானை நிறுத்தும்போது அவருடைய முகத்தைப் பார்த்துச் சொன்னேன்.

"அண்ணை, லண்டனிலை இருக்கிற ஏதாவது ஒண்டு எங்களிட்டை இல்லை எண்டு நீங்கள் காட்டேலாது."

உள்ளே வந்ததும் மனைவி ரோல்ஸும் தேத்தண்ணியும் கொண்டுவந்து வைத்தாள். நான் ரிவியைப் போட்டேன். மாடம் முழுக்க வெளிச்சம் வந்தது. மனிதர் திடுக்கிட்டு யன்னல் சீலையைப் பார்த்தார். சீலை திறந்தபடி இருந்தது. எழும்பிக் கதிரையைத் திருப்பி, ரிவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

"என்ன அண்ணை, கண் வருத்தமோ?"

"இல்லை. உதுக்கு லைசன்ஸ் இருக்கோ?"

"எதுக்கு?"

"ரிவிக்கு."

நான் வாயில் வைத்த ரோல்ஸை விழுங்கினேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

"லண்டனிலை ரிவி பாக்கிற வீடு ஒவ்வொண்டும் வருசா வருசம் காசு கட்டி லைசன்ஸ் எடுக்கவேணும். எடுக்காட்டிக் கடிதம் வரும். பிறகு ஆள் வந்து கதவைத் தட்டும். பிடிச்சால் வழக்குப் போட்டுக் கோட்டுக்கு ஏத்துவாங்கள்."

"சொந்தக் காசிலை வாங்கின ரிவியை, சொந்தக் கண்ணாலை பாக்கிறதுக்கோ?"

"ஓம். லைசன்ஸ் இல்லாத வீடு நிம்மதி இல்லாத வீடு, அண்ணை. அப்பிடி ஒரு வீட்டிலை என்ரை பிள்ளையைக் கொண்டுவந்து விட எனக்கு மனமில்லை."

இந்த நாட்டில் அப்படி ஒன்று இல்லை என்று சொல்லியிருக்கலாம் என்று இன்று எல்லோரும் எனக்குப் புத்தி சொல்கிறார்கள். லண்டனில் இருப்பது எல்லாம் எங்களிடமும் உண்டு என்று நான் சொல்லிப் பத்து நிமிடம் ஆகவில்லை. தன் வாயால் கட்டியதை ஒருவன் அதே வாயால் இடிப்பானா? என் தொழிலில் அது கிடையாது.

"இருக்கு," என்றேன். "ப்ரேம் போடக் குடுத்திருக்கு."

அவருடைய தோள் இறங்கியது. "அப்ப சனிக்கிழமை வரேக்கை பாப்பம்," என்றார். சனிக்கிழமைதான் அவர் முடிவு சொல்வதாக இருந்தது.

குசினிக்குள் மனைவி என்னை மறித்தாள்.

"இஞ்சாருங்கோ, எங்களிட்டை ஏது லைசன்ஸ்? எப்ப எடுத்தது?"

"இனித்தான்."

மகள் போனைத் தட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். "கனடாவிலை அப்பிடி ஒண்டும் இல்லையப்பா. முந்தி இருந்ததாம். நீங்கள் பிறக்க முதலே நிப்பாட்டிப்போட்டாங்களாம்."

"பாத்தியே பிள்ளை, இருந்திருக்கு."

"இல்லை எண்டு அவருக்குச் சொல்லுங்கோ. சிம்பிள்."

"இருக்கு எண்டு சொன்ன மனிசன் இப்ப இல்லை எண்டால், பொய்க்காரன்ரை வீட்டிலை அவர் சம்பந்தம் செய்வாரோ?"

"நீங்கள் சொன்னது பொய்தானே?"

"பொய் இல்லை. கொஞ்சம் முந்திச் சொல்லிப்போட்டன்."

அன்றிரவு படுத்துக்கொண்டு யோசித்தேன். லைசன்ஸ் என்றால் என்ன? ஒரு இடத்துக்குப் பொறுப்பான ஆள், அந்த இடத்தில் ஒன்றைச் செய்யலாம் என்று எழுதிக் கொடுக்கிற கடுதாசி. இந்த வீட்டுக்குப் பொறுப்பான ஆள் யார்? சுவர் நான் வைத்தது. மாடம் நான் கட்டியது. ரிவி நான் தோளில் சுமந்து வந்தது. அப்படியானால் இந்த வீட்டில் ரிவி பார்க்கலாம் என்று எழுதிக் கொடுக்கிற தகுதி உலகத்தில் ஒரே ஒருவனுக்குத்தான் உண்டு. அரசாங்கத்தைப் போல எழுதினால் அது கள்ளம். நான் நானாகவே எழுதினால் எவன் பிடிப்பான்?

காசு வாங்காமல் கொடுத்தால் அது லைசன்ஸ் ஆகாதே என்று காலையில் ஒரு யோசனை வந்தது. வீட்டில் ரிவி பார்க்கிற ஒவ்வொருவரும் எனக்கு ஏதாவது கட்டவேண்டும் என்றேன்.

"நான் சமைக்கிறதைத் தின்னுறதுக்கு முதலிலை நீங்கள் லைசன்ஸ் எடுங்கோ," என்றாள் மனைவி. மகள் தான் ரிவியே பார்ப்பதில்லை என்றும் எல்லாம் போனில்தான் என்றும் சொல்லித் தப்பினாள். வீட்டுக்கு வீடு இந்தக் கட்டணத்தை அறவிடுவது எவ்வளவு கரைச்சல் என்று எனக்கு அன்றைக்கே விளங்கிவிட்டது. இரண்டு பேரிடமே வாங்க முடியவில்லை. லண்டன் அரசாங்கத்தை நினைத்து உண்மையாகவே இரக்கப்பட்டேன்.

பிளாசாவில் கார்ட் அடிக்கிற கடை வைத்திருக்கிற தம்பி எனக்கு நல்ல பழக்கம். என் மூத்த பிள்ளைகளின் கலியாணக் கார்ட் எல்லாம் அவனிடம்தான். அவனுடைய கவுண்டரும் நான் அடித்துக் கொடுத்தது.

"சொல்லுங்கோ அண்ணை. கலியாணமோ, பிறந்தநாளோ, செத்தவீட்டு முப்பத்தொண்டோ?"

"லைசன்ஸ்."

விளங்கப்படுத்தினேன். அவன் தலையைச் சொறிந்தான்.

"அண்ணை, அரசாங்கம் எண்டு போட்டால் என்னைத்தான் முதலிலை பிடிப்பாங்கள்."

"அரசாங்கம் வேண்டாம். இங்ஙனம், வீட்டுக்காரர் எண்டு போடும்."

"மேலை சிலுவையோ, பிள்ளையாரோ?"

"லைசன்சுக்குச் சமயம் இல்லை. மேப்பிள் இலை போடும்."

அவன் கணினியில் ஏற்கனவே இருந்த கலியாணக் கார்ட் ஒன்றைத் திறந்து அதிலேயே மாற்றத் தொடங்கினான். பொன்னிறக் கரை நன்றாக இருந்தது, விடச் சொன்னேன். இரண்டு பக்கமும் குத்துவிளக்கு இருந்தது, எடுக்கச் சொன்னேன். எடுத்தால் வெறுமையாய் இருக்கும் என்று அவன் இரண்டு பக்கமும் இரண்டு ரிவி வைத்தான்.

"திகதி?"

"சனிக்கிழமை ஆறு மணிக்கு ஆள் வந்திடும்."

"இடம்?"

"எங்கடை வீடுதான்."

கார்டைக் கொண்டுவந்து தருவதற்குக் கேட்கிறான் என்று நான் நினைத்தேன். இருநூறுக்குக் குறைய அடிக்க முடியாது, மெசினுக்குக் கட்டாது என்றான். சரி, கலியாணம் நடந்தால் லைசன்ஸ் இன்னும் தேவைப்படும் என்று விட்டுவிட்டேன்.

வியாழக்கிழமை கார்ட் வந்தது. நான் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். மேலே பெரிய எழுத்தில் இருந்த மூன்று வரியையும் வாசித்தேன். "இந்த இல்லத்தில் குடும்பத்தினர் யாவரும் தொலைக்காட்சி பார்ப்பதற்கு இத்தால் அனுமதி வழங்கப்படுகிறது." வாசிக்க நெஞ்சு நிறைந்துவிட்டது. அதற்குக் கீழே வளைந்த சின்ன எழுத்தில் இன்னும் என்னவோ இருந்தது. லைசன்ஸ் என்றால் கீழே சின்ன எழுத்து இருப்பது வழக்கம், அதை ஒருவரும் வாசிப்பதும் இல்லை. நானும் வாசிக்கவில்லை. ஒரு கார்டை எடுத்து, நல்ல மேப்பிள் பலகையில் அகலமான ப்ரேம் அடித்து, திரு இருதயத்துக்குக் கீழே கொழுவினேன். ப்ரேமின் அகலத்தில் அந்தச் சின்ன எழுத்துகள் மறைந்துபோயின. பார்க்க இன்னும் வடிவாய் இருந்தது.

மீதியை என்ன செய்வது? சாட்சி தேவை என்று எனக்குப் பட்டது. லண்டன்காரர் வெளியே யாரிடமாவது விசாரித்தால், ஓம், அவரிடம் லைசன்ஸ் இருக்கிறது, எங்களுக்கும் காட்டினார் என்று நாலு பேர் சொல்லவேண்டாமா? அடுத்த நாள் மாதத்தின் முதல் வெள்ளி, கோயிலில் பூசை. பூசை முடிந்து சனம் வெளியே வரும்போது வாசலில் நின்று, தெரிந்த முகங்களுக்கெல்லாம் ஆளுக்கு ஒன்று கொடுத்தேன். எல்லோரும் இரண்டு கையாலும் மரியாதையாக வாங்கினார்கள். "கட்டாயம் அண்ணை, கட்டாயம்," என்றார்கள். எதற்குக் கட்டாயம் என்று நான் கேட்கவில்லை. லைசன்சை மதிக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

சனிக்கிழமை ஐந்தரைக்கு லண்டன்காரரைக் கூட்டிக்கொண்டு வந்தேன். சப்பாத்தைக் கழற்றியதும் நேரே ப்ரேமுக்கு முன்னால் போய்க் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். கனநேரம் நின்றார். ரொறன்ரோவில் இதைத் தமிழிலும் கொடுக்கிறார்களா என்று கேட்டார். எங்கள் சனம் அவ்வளவு இருக்கிறது, கொடுக்காமல் விட முடியுமா என்றேன். பிறகு அவர் செய்ததை நான் மறக்கமாட்டேன். கதிரையை ரிவியின் பக்கம் திருப்பினார். உட்கார்ந்தார். கத்தி விற்கிற விளம்பரம் ஒன்று போய்க்கொண்டிருந்தது. ஒருவன் அந்தக் கத்தியால் சப்பாத்தை வெட்டினான், பிறகு தக்காளியை வெட்டினான். மனிதர் கண் வெட்டாமல் முழுவதையும் பார்த்தார். என் மகள் படிக்கட்டில் நின்று என்னைப் பார்த்துப் பெருவிரலை உயர்த்திக் காட்டினாள்.

அப்போது வாசல் மணி அடித்தது.

லண்டன்காரர் துள்ளி எழும்பினார். முகம் வெளிறிப்போயிற்று. கை ரிமோற்றைத் தேடியது. ஏசிக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துக்கொண்டு நான் போய்க் கதவைத் திறந்தேன். கோயிலில் வாசகம் வாசிக்கிற ஓய்வுபெற்ற பள்ளிக்கூட மாஸ்ரர் கோட்டும் ரையுமாக நின்றார். பக்கத்தில் அவருடைய மனைவி, காஞ்சிபுரம் உடுத்தி, கையில் அன்பளிப்புக் கவரோடு. அவர்களுக்குப் பின்னால் ஒரு குடும்பம் காரில் இருந்து இறங்கியது. அதற்குப் பின்னால் இன்னொரு கார். தெரு முடக்கு வரைக்கும் கார் நிற்கத் தொடங்கியது.

வந்தவர்கள் எல்லோரும் ரிவியைப் பார்த்தபடி வரிசையாக உட்கார்ந்தார்கள். கதிரை முடியத் தரையில் உட்கார்ந்தார்கள். என்ன விசேஷம் என்று கேட்க எல்லோருக்கும் கூச்சம். எங்கள் ஆட்கள் கார்டில் பார்ப்பது எந்த இடம், எத்தனை மணி, சாப்பாடு உண்டா என்பவற்றைத்தான். மிச்சத்தை வந்து தெரிந்துகொள்வார்கள். மாஸ்ரரின் மனைவி குசினிக்குள் எட்டிப் பார்த்து, "பிள்ளைக்கு மேக்கப் முடியேல்லையே?" என்று கேட்க, என் மனைவி தோசைக் கரண்டியோடு அப்படியே நின்றாள். கவர் கொண்டுவந்தவர்கள் யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் ரிவிக்கு முன்னால் வைத்தார்கள்.

மகள் ஒரு கார்டைப் பிடுங்கிக் கீழே இருந்த சின்ன எழுத்தைச் சத்தமாக வாசித்தாள். "எதிர்வரும் சனிக்கிழமை மாலை ஆறு மணி, எமது இல்லம். அத்தருணம் தாங்கள் சுற்றமும் நட்பும் சூழ வருகை தந்து, தொலைக்காட்சியை ஆசீர்வதித்து, விருந்துபசாரத்திலும் கலந்துகொள்ளுமாறு அன்புடன் அழைக்கின்றோம்."

கடைக்காரத் தம்பி மணமக்கள் என்று இருந்த இடத்தில் மட்டும் தொலைக்காட்சி என்று மாற்றியிருந்தான். பிழை என்று சொல்லமுடியாது. அவன் அவனுடைய தொழிலைச் செய்திருக்கிறான்.

"ஆசீர்வதிக்கத்தானே வந்தனாங்கள்," என்றார் மாஸ்ரர். "எதுக்கெண்டு சொன்னால் நல்லாயிருக்கும்."

நான் எழும்பினேன். விட்டுக்கொடுக்கவில்லை. ரிவி வைத்திருக்கிற வீடுகள் அதற்கென்று கட்டணம் கட்டவேண்டுமா, கூடாதா என்று பேசுவதற்குத்தான் எல்லோரையும் அழைத்தேன் என்றேன். சனம் பெருமூச்சு விட்டது. நம்மவர்களுக்குப் பேச ஒரு விஷயம் கிடைத்தால் போதும்.

"கட்டத்தான் வேணும்," என்றார் மாஸ்ரர். "காசு கட்டினால்தான் செய்தி ஒழுங்காய் வரும். விளம்பரம் வராது."

"விளம்பரம் இல்லாட்டி நான் எப்ப எழும்பிச் சோறு வடிக்கிறது?" என்றாள் அவருடைய மனைவி.

"நாங்கள் வரியிலை கட்டுறம்தானே," என்றார் பின்னாலிருந்து ஒருவர். "அரசாங்க ரிவிச் சனலுக்கு அதிலைதானே குடுக்கினம். ரிவி இல்லாதவனும் சேர்த்துக் கட்டுறான். அது நியாயமோ?"

"ரிவி இல்லாத தமிழன்ரை வீட்டை ஒருக்கால் காட்டும் பாப்பம்," என்றார் மாஸ்ரர்.

பக்கத்து வீட்டில் தமிழ்நாட்டுப் பிள்ளை ஒருவன் இருக்கிறான், கொம்பியூட்டர் வேலை. தன் ட்ரைவேயை யாரோ காரால் மறித்துவிட்டார்கள் என்று சொல்ல வந்தவனை, மனைவி உள்ளே இழுத்து உட்காரவைத்திருந்தாள். அவன் கையை உயர்த்தினான்.

"அங்கிள், எங்க ஊர்ல கவர்மெண்டே வீட்டுக்கு வீடு இலவசமா கலர் டிவி கொடுத்துச்சு. எங்க பாட்டி வீட்டுல இன்னும் ஓடுது."

லண்டன்காரர் அவனைப் பார்த்தார்.

"காசு வாங்காமலோ?"

"ஒரு பைசா வாங்கல."

"ரிவியையே சும்மா தந்தவையோ?"

"ஆமா சார். இங்க கனடாவுலயும் லைசென்ஸ்லாம் கிடையாதே. டிவி வாங்கி மாட்டினா பார்த்துட்டே இருக்கலாம். யாரும் வந்து கேட்க மாட்டாங்க."

படிக்கட்டில் நின்ற மகள் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். லண்டன்காரர் ப்ரேமைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"அண்ணை, ஒருக்கால் கராஜுக்கு வாங்கோ," என்றார்.

கராஜில் என்னுடைய தச்சு ஆயுதங்களுக்கு நடுவில் அவர் ஒரு பெயின்ற் வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்தார். நான் நின்றேன். கலியாணம் குழம்பிவிட்டது என்றுதான் நினைத்தேன். பொய் ஏன் சொன்னீர் என்று கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அவர் கேட்டது அதை அல்ல.

"உண்மையாய் இந்த நாட்டிலை ஒருத்தரும் வந்து கதவைத் தட்டமாட்டினமோ?"

"தட்டுவினம். இண்டைக்குச் சாப்பாட்டுக்குத் தட்டினமாதிரித் தட்டுவினம்."

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "நான் லண்டனுக்குப் போய் முப்பது வருசத்துக்கு மேலை. ஒரு நாளும் லைசன்ஸ் எடுக்கேல்லை."

நான் பக்கத்தில் இருந்த மற்ற வாளியைக் கவிழ்த்தேன்.

"முதல் வருசம் கையிலை காசில்லை. ரெண்டாம் வருசம் எடுப்பம் எண்டு பாத்தால், போன வருசம் எங்கை எண்டு கேட்பாங்களே. மூண்டாம் வருசம் ரெண்டு வருசத்துக்குக் கேட்பாங்கள். அப்பிடியே போச்சு. ரிவியை அலுமாரிக்குள்ளை வைச்சிருக்கிறன். கோட்டு, சேர்ட் எல்லாத்தையும் ஒரு பக்கம் ஒதுக்கிப்போட்டுத் தலையை உள்ளுக்கை விட்டுத்தான் பாப்பம். யன்னலைச் சாத்தி, சத்தத்தை நிப்பாட்டி. அவன் சின்னப்பிள்ளை, பகிடி வந்தால் சிரிப்பான். சிரிக்காதை ராசா, வெளியிலை கேட்கும் எண்டு சொல்லிச் சொல்லியே வளத்தனான்."

எனக்குத் தோள் குலுங்குகிற அந்தப் பிள்ளையின் முகம் வந்தது. சுத்தியல், வாள், மட்டப்பலகை எல்லாம் சுவரில் தொங்கின. அவற்றில் ஒன்றும் அந்த நேரத்துக்கு உதவவில்லை.

"அண்டைக்கு நீங்கள் யன்னல் சீலையைத் திறந்துவிட்டு ரிவியைப் போட, நான் பயத்திலைதான் கதிரையைத் திருப்பினனான்," என்றார். "இப்பிடி ஒரு வீடு இருக்குமெண்டு நான் நினைக்கேல்லை. லைசன்ஸ் இருக்கு எண்டு சொன்னியள். அப்ப இது பயமில்லாத வீடு, இஞ்சை விடலாம் எண்டு நினைச்சன். இப்பப் பாத்தால் நாடே அப்பிடியாம்."

"நாடே அப்பிடித்தான் அண்ணை."

"அப்ப கலியாணத்துக்குப் பிறகு அவன் இஞ்சையே வந்து இருக்கட்டும். அவளை அங்கை கூப்பிட வேண்டாம்."

அதுதான் அவருடைய ஓம்.

உள்ளே போனபோது சாப்பாட்டுப் பிரச்சினை இருந்தது. கார்டில் விருந்துபசாரம் என்று அச்சடித்தாயிற்று. பிளாசாவிலுள்ள சாப்பாட்டுக் கடைக்குப் போன் அடித்து இடியப்பம், கோழி, கத்தரிக்காய்ப் பால்கறி எல்லாம் ட்றே ட்றேயாக எடுப்பித்தேன். கவர்களைத் திருப்பிக் கொடுக்கப் பார்த்தேன், ஒருவரும் வாங்கவில்லை. வந்த இடத்தில் வெறுங்கையோடு சாப்பிட்டுவிட்டுப் போகமாட்டோம் என்றார்கள். மனைவி அவற்றைக் கோயில் பெட்டியில் போட்டாள்.

இந்தக் கட்டணம் பற்றி என்னிடம் இப்போது தெளிவான முடிவு இருக்கிறது. அரசாங்கங்கள் கேட்டால் சொல்வேன். வீடுகளை வெருட்டிக் காசு கட்டவைக்கக் கூடாது. வெருட்டினால் ரிவி அலுமாரிக்குள் போய்விடும், பிள்ளைகள் சத்தமில்லாமல் சிரிப்பார்கள். வரிக்குள் ஒளித்து எடுப்பதும் அழகில்லை, கொடுத்தோம் என்ற பெருமை கொடுத்தவனுக்குக் கிடைக்காது. பொன்னிறக் கரையில் ஒரு கார்ட் அடித்து, சுற்றமும் நட்பும் சூழ வாருங்கள் என்று கூப்பிட்டு, சாப்பாடும் போட்டால், ஒவ்வொரு வீடும் கேட்காமலே கவரோடு வரும். நான் என் கண்ணால் கண்டது. நாற்பது கார்ட் கொடுத்தேன், ஒரு வீடும் சும்மா வரவில்லை.

கலியாணம் இந்தக் கோடைகாலம் எங்கள் கோயிலில் நடந்தது. மண்டபத்தில் மகள் நன்றி சொன்னாள். எங்களைப் பெற்றோர் என்ற முறையில் சேர்த்துச் சொன்னாள், அது எல்லாப் பெற்றோருக்கும் சொல்கிற நன்றி. மணமகன் சொன்ன பகிடி ஒன்றுக்கு அவனுடைய தகப்பன் வாய்விட்டுச் சிரித்தார். இரண்டு மேசைக்கு அப்பால் கேட்டது. மகன் இன்னும் பழகிக்கொண்டிருக்கிறான்.

பிறகு வீட்டில் மகளிடம் கேட்டேன். "இந்தக் கலியாணத்திலை என்ரை பங்கை ஏன் பிள்ளை சொல்லேல்லை?"

"அப்பா, நாங்கள்தான் ஒருத்தரை ஒருத்தர் கண்டுபிடிச்சது. முதல் நாளே லைசன்ஸ் இல்லை எண்டு சொல்லியிருந்தால் மாமா முதல் நாளே ஓம் எண்டிருப்பார். நீங்கள் ஒரு கிழமை சுணக்கினதுதான்."

"ஐம்பது பேருக்குச் சாப்பாடும் குடுத்தது," என்றாள் மனைவி.

இதை நான் ஏற்கமாட்டேன். முதல் நாள் நான் இல்லை என்று சொல்லியிருந்தால் அவர் நம்பியிருக்கமாட்டார். நானும் தன்னைப் போல ஒளித்துப் பார்க்கிற ஆள் என்று நினைத்து, மூச்சுக் காட்டாமல் ரோல்ஸைத் தின்றுவிட்டு லண்டனுக்குப் போயிருப்பார். நான் கார்ட் அடித்தபடியால் சனம் வந்தது. சனம் காரைக் குறுக்கே விட்டபடியால் பக்கத்து வீட்டுப் பிள்ளை வந்தான். அவன் வந்தபடியால் உண்மை வந்தது. உண்மை வந்தபடியால் அந்த மனிதர் முப்பது வருடமாக மூடியிருந்த வாயை என்னுடைய கராஜில் திறந்தார். இதில் எந்த ஆணியை நான் அடிக்கவில்லை?

கலியாண வீடியோவின் மாதிரிப் பிரதி போன கிழமை வந்தது. முடிவில் பெயர்கள் மேலே ஏறிப் போகின்றன. மண்டபம், பூ, கேக், தலை அலங்காரம், பாட்டுப் போட்டவர், ட்ரோன் பறக்கவிட்டவர். ட்ரோனுக்குக்கூட இடம் இருக்கிறது. வீடியோக்காரர் இன்னும் கடைசிப் பிரதி தரவில்லை, திருத்தம் செய்ய நேரம் இருக்கிறது. ஆகவே மகளுக்கும் மருமகனுக்கும் இதை எழுத்தில் தருகிறேன், வாய்ப்பேச்சு என்று பிறகு தட்டிக்கழிக்க முடியாது. மணமக்களின் பெயருக்கு அடுத்ததாக, கேக்குக்கு முன்னால், தனி வரியில், இந்தக் கலியாணத்தை ஒப்பேற்றியவர் மணமகளின் தகப்பனார் என்று பெரிய எழுத்தில் போடவேண்டும். போட்ட பிறகுதான் நான் அந்த வீடியோவை முழுவதும் பார்ப்பேன்.